தலை குறையுது, அடுப்பு கூடுது

"புள்ளை பெத்துக்கறதே கொறஞ்சு போச்சு. இன்னும் இருவது வருசத்துல தண்ணிப் பிரச்சினை தன்னால தீந்துருமுங்க." கோயம்புத்தூரிலிருந்து கரூர் வரை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் தப்பு. கொங்கு நாட்டில் ஆள் குறையக் குறைய, தண்ணீர், நிலம், கரண்ட் மூன்றுக்கும் நெருக்கடி கொஞ்ச காலத்துக்குக் கூடவே செய்யும். ஏன் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் எண்கள். ஒரு பெண் சராசரியாக 2.1 பிள்ளை பெற்றால் மக்கள்தொகை நிலையாக நிற்கும். தமிழ்நாட்டில் அது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 1.8. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 கணக்கில் 1.4. இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்தவை, அதனால் வித்தியாசம். எதை எடுத்தாலும் 2.1-க்குக் கீழேதான். கொங்குப் பகுதி இந்த இறக்கத்தில் மாநிலத்துக்கே முன்னால் போனது. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே தோட்டக்காரக் குடும்பங்கள் இரண்டோடு நிறுத்திவிட்டன, பிறகு ஒன்றோடு. காரணம் பிரச்சாரத்தைவிட பாகப்பிரிவினை என்றே சொல்வேன். பத்து ஏக்கரை நாலு பங்கு போட்டால் என்ன மிஞ்சும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிறப்பு குறைந்த மறுநாளே ஆள் குறைந்துவிடாது. 1970, 80, 90-களில் பிறந்த பெருங்கூட்டம் இன்னும் இருக்கிறது. அவர்கள் வயதாகி முடியும் வரை தலை எண்ணிக்கை ஏறும், பிறகு நிற்கும், பிறகுதான் இறங்கும். இடையில் மாறுவது வயது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011-ல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். 2031-ல் 18.2 சதவீதம் இருப்பார்கள் என்பது மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தின் மதிப்பீடு.

மாவட்ட எண்களை ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. ஈரோடு 1979-லும் திருப்பூர் 2009-லும் பிரிந்தவை, நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து வந்தது. பழைய 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்றால் இன்றைய மூன்று மாவட்டம். இதைக் கவனிக்காமல் பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் வைத்து 'மக்கள் ஓடிவிட்டார்கள்' என்று எழுதுபவர்கள் உண்டு. எல்லையைச் சரிசெய்து பார்த்தால், 2001-லிருந்து 2011-க்குள் திருப்பூர் மாவட்டம் 19.20 லட்சத்திலிருந்து 24.79 லட்சம் ஆனது, 29 சதவீத ஏற்றம். பக்கத்து ஈரோடு 20.16-லிருந்து 22.51 லட்சம், ஏறக்குறைய 12 சதவீதம்தான். ஒரே மொழி, ஒரே பழக்கவழக்கம், ஒரே மாதிரிக் குடும்ப அளவு. வித்தியாசம் முழுக்கப் பிழைப்பு தேடி வந்தவர்களால்.

கொங்கு நாடு மக்கள்தொகை குறைவதைப் பார்ப்பது இது முதல்முறையுமல்ல. தாது வருஷப் பஞ்சம் 1876-78-ல் அடித்தது. சேலம் மாவட்டத்தில் 1871-ல் எண்ணியவர்கள் 19.67 லட்சம், 1881-ல் 16 லட்சம். கோயம்புத்தூர் 17.63 லட்சத்திலிருந்து 16.57 லட்சத்துக்கு இறங்கியது. அன்று வளம் தீர்ந்தது, அதனால் ஆள் குறைந்தார்கள். அப்படிக் குறைந்தபோது மிஞ்சியவர்களின் தேவையும் சேர்ந்தே சுருங்கியது, உழவு மாடே செத்துப்போன ஊரில் யார் எதை இறைப்பது? இன்றைய இறக்கம் நேர் எதிர். வசதி கூடியதால், படிப்பு கூடியதால், விரும்பிக் குறைத்துக்கொண்டது. தலை இறங்குகிறது, ஒவ்வொரு தலையின் செலவு ஏறுகிறது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் போடுவதுதான் டீக்கடைக் கணக்கின் அடிப்படைக் கோளாறு.

இப்போது ஒரு ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கிராமத்துக்கு ஜல் ஜீவன் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 30,000 லிட்டர் டேங்கை தினம் இரண்டு முறை நிரப்பினால் 60,000 லிட்டர். 55-ஆல் வகுத்தால் 1,090 பேர். ஊரில் 1,080 பேர் என்றால் காகிதத்தில் எல்லாம் சரி.

காகிதத்தில் இல்லாதது அடுப்பு. அந்த 1,080 பேர் 300 வீட்டில் 3.6 பேராக இருக்கலாம், 450 வீட்டில் 2.4 பேராகவும் இருக்கலாம். வீடு துடைப்பது, வாசல் தெளிப்பது, பாத்திரம், வாஷிங் மெஷின், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர், நாலு ரோஜாச் செடி என்று ஆள் எத்தனை இருந்தாலும் ஏறத்தாழ மாறாத செலவு ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு. அதை 60 லிட்டர் என்றும், குளியல், கக்கூஸ், குடிப்பது என்று ஆளோடு போகும் செலவை 45 லிட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 300 வீடாக இருந்தால் 18,000 சேர்த்து 48,600, ஆக 66,600 லிட்டர். 450 வீடாக இருந்தால் 27,000 சேர்த்து 48,600, ஆக 75,600. ஒரு ஆள்கூடக் கூடாமல் 9,000 லிட்டர் கூடிவிட்டது. இன்னும் பத்து வருடத்தில் அதே 450 வீட்டில் வீட்டுக்கு 2.2 பேர்தான் என்று ஆனால் ஊர் ஜனம் 990. தேவை 71,550. தொண்ணூறு பேர் குறைந்தும் பழைய 300 வீட்டுக் காலத்தைவிட ஐயாயிரம் லிட்டர் அதிகம். 60, 45 என்ற எண்களை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிப் போட்டுப் பாருங்கள், திசை மாறாது.

2011-லேயே தமிழ்நாட்டில் 7.21 கோடி பேருக்கு 1.85 கோடி குடும்பங்கள். சராசரி நாலுக்கும் கீழே. அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்காததால் இன்றுவரை பல திட்ட மதிப்பீடுகளில் 2011-ன் தலை எண்ணிக்கைதான் ஏதாவது ஒரு சதவீதம் கூட்டிப் போடப்படுகிறது. கடைசித் தெருவில் குழாய் வறண்டு கிடப்பதற்கு டேங்க் ஆபரேட்டரைத் திட்டுவது எளிது. அவர் என்ன செய்வார்? வீடு கூடியதும் புது இணைப்பு கொடுக்கிறார்கள், மெயின் லைன் அதே பழைய மூன்று இஞ்ச். புது வீட்டுக்காரர் தரைத்தொட்டி 8,000 லிட்டருக்குக் கட்டி, குழாய் மட்டத்துக்குக் கீழே திறந்து விட்டுவிடுகிறார். தண்ணீர் விடும் ஒரு மணி நேரமும் அந்தத் தொட்டி நிரம்பவே போதாது. சிலர் அதில் மோட்டாரும் வைக்கிறார்கள். மேட்டு வீடுகளுக்குக் காற்றுதான் வரும். இதற்குப் புதுத் திட்டம் கேட்பதற்கு முன் செய்யவேண்டியது, தெருவாரியாக வால்வு வைத்து நேரம் பிரிப்பதும், தரைத்தொட்டிகளுக்கு மிதவை வால்வு கட்டாயமாக்குவதும். செலவு கொஞ்சம், சண்டை அதிகம்.

இனித் தோட்டம். கொங்கு நாட்டின் கதையே கிணற்றுக்குள் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

நாற்பதடிக்கு நாற்பதடி சதுரக் கிணறு ஒன்றில் பத்தடித் தண்ணீர் நின்றால் 16,000 கன அடி, அதாவது நாலரை லட்சம் லிட்டர். கிணறு என்பது ஊற்று மட்டுமில்லை, ஒரு தொட்டியும்கூட. ராத்திரி ஊறியதைக் காலையில் இறைத்துக்கொள்ளலாம். மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்தபோது நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் முறை வைத்தார்கள். பத்திரத்தில் 'கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு பாத்தியம், மோட்டார், பைப்லைன், மாமூல் வண்டித்தடம்' என்று எழுதினார்கள். அடுத்த தலைமுறையில் ஆறில் ஒன்று, ஒன்பதில் ஒன்று. முறை வர ஒன்பது நாள் ஆகும் என்றால் தக்காளி தாங்குமா? கரண்ட் இணைப்பு ஒருத்தர் பேரில், மோட்டார் எரிந்தால் கம்பிச் சுருள் (காயில்) கட்டும் செலவை யார் கொடுப்பது என்று மூன்று நாள் பஞ்சாயத்து. பொறுக்க முடியாமல் ஒருவர் தன் பங்கு நிலத்தில் போர் போடுவார். பக்கத்தில் மற்றவரும் போடுவார். மக்கள் பெருகியது கிணற்றை இப்படித்தான் கொன்றது. குடிக்க ஆள் கூடியதால் வற்றிய கிணறுகளைவிட, பங்காளி கூடியதால் கைவிடப்பட்ட கிணறுகள் அதிகம்.

போர் என்பது திறந்த கிணற்றுக்கு மாற்றே இல்லை. நம் ஊர்ப் பாறை கெட்டிப்பாறை. மேலே சிதைந்த பாறை கொஞ்சம், அதில்தான் மழைத் தண்ணீர் இறங்கித் தங்கும். அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர். ஆறரை இஞ்ச் போரில் நூறடி உயரத் தண்ணீர் நின்றாலும் மொத்தம் 650 லிட்டர்தான். மோட்டார் போட்டால் சில நிமிடம். வெடிப்பு தருகிற வேகத்துக்குமேல் எடுக்க முடியாது, ஆழத்து வெடிப்பு ஒருமுறை காலியானால் நிரம்பப் பல மழைக்காலம் ஆகும். ஆனாலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து எண்ணூறு, ஆயிரம் அடி என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் துளை போடும் ஊர் நம் ஊராக இருப்பதும், வீட்டு வாசலிலேயே ஆயிரம் அடி போடுவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்கள் இல்லை.

பங்காளி கூடியபோது பிரிந்த கிணறு, ஒற்றைப் பிள்ளைக் காலத்தில் மறுபடி சேரும் என்று எதிர்பார்க்கலாம் இல்லையா? காகிதத்தில் சேரவும் செய்கிறது. அப்பன் வழி நிலமும் அம்மா வழி நிலமும் ஒரே பிள்ளைக்கு வருகிறது. அந்தப் பிள்ளை பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறது. நிலத்துக்கு ஆள் இல்லை. இங்கேதான் தென்னை வருகிறது.

பண்ணையத்துக்கு ஆள் கிடைக்காதது கொங்கில் பழைய புலம்பல். பனியன் கம்பெனியும் ஸ்பின்னிங் மில்லும் கோழிப்பண்ணையும் ஆள்களை எடுத்துக்கொண்டன. விவசாயிகள் நூறு நாள் வேலையைத் திட்டுவார்கள், அதில் பாதிதான் உண்மை. இருபது வயதுக்காரர்கள் எண்ணிக்கையிலேயே குறைந்துவிட்டார்கள் என்பது மறுபாதி. கடலைக்கு விதைக்க, களை வெட்ட, பறிக்க, காய் ஆய என்று நாலு தடவை கூட்டமாக ஆள் வேண்டும். பருத்தி, மஞ்சள், வெங்காயம் எல்லாம் இதே கதை. தென்னைக்கு அப்படியில்லை. நட்டுச் சொட்டுநீர் போட்டுவிட்டால் நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு முறை காய் வெட்டு. எழுபது வயது அப்பாவால் வால்வு திருப்ப முடியும். அதனால் பொள்ளாச்சி, ஆனைமலையில் மட்டும் இருந்த தென்னை உடுமலை, பல்லடம், காங்கேயம் என்று மேட்டுக்காட்டுக்கும் ஏறிவிட்டது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியுமாக, மழையை மட்டும் நம்பி மாடு மேய்த்த கொறங்காடு பல இடங்களில் இதற்காக அழிக்கப்பட்டது. ஆளே தேவைப்படாத, தண்ணீரே தேவைப்படாத நிலப் பயன்பாடு ஒன்று கையில் இருந்தபோது அதை விட்டுவிட்டு இதைப் பிடித்திருக்கிறோம்.

தென்னை அதிகம் குடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சொட்டுநீரில் ஒரு மரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு: பிப்ரவரி முதல் மே வரை நாளுக்கு 65 லிட்டர், ஜனவரி, ஆகஸ்ட், செப்டம்பரில் 55, மற்ற மாதங்களில் 45. வருடத்துக்கு ஒரு மரம் ஏறக்குறைய 19,700 லிட்டர். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், ஆக 13.8 லட்சம் லிட்டர். கடலைக்கு ஒரு போகத்துக்கு 500 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர், அதில் ஒரு பகுதி மழை. மொத்த அளவில் சொட்டுநீர்த் தென்னை ஒன்றும் மோசமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். கடலை 105 நாள் பயிர். மழை பொய்த்த வருடம் விதைக்காமல் விட்டுவிடலாம், நஷ்டம் ஒரு போகத்தோடு போச்சு. தென்னையை அப்படி விட முடியாது. கிணறு அடித்தட்டில் கிடக்கும் பிப்ரவரி முதல் மே வரை, தினம் ஏக்கருக்கு 4,550 லிட்டர் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் குரும்பை கொட்டும், மட்டை தொங்கும், பதினைந்து வருட மரம் கொண்டை சாயும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அடுத்த கோடையில் உடுமலை, காங்கேயம் பக்கம் லாரித் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றினார்கள், அப்படியும் காய்ந்தது ஏராளம். அதாவது ஆள் பற்றாக்குறை, வளைந்து கொடுக்கும் தண்ணீர்த் தேவையை வளையாத தேவையாக மாற்றிவிட்டது. பஞ்ச வருடத்தில் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் ஒரே ஆழத்துக்கு ஓடுகிறது.

அந்த ஓட்டத்தின் கரண்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். 4,550 லிட்டரை நூறடியிலிருந்து மேலே தூக்க, மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 35 சதவீதம் என்று வைத்தால், ஏறக்குறைய ஒரு யூனிட். தண்ணீர் மட்டம் எண்ணூறு அடிக்குப் போனால் எட்டரை யூனிட். (போரின் ஆழத்தை எடுக்கக் கூடாது, மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்தை எடுக்க வேண்டும்.) அதே மரம், அதே இளநீர், எட்டு மடங்கு கரண்ட். இலவச மின்சாரம் என்பதால் தோட்டக்காரர் கையில் இது தெரிவதில்லை. மின்கட்டணத்துக்காக 1970-களில் மாட்டுவண்டிகளைக் கோயம்புத்தூர்த் தெருக்களில் கொண்டுவந்து நிறுத்திய விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் காலத்தில் தண்ணீர் நூறடிக்குள் இருந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அன்றைய கணக்கில் இன்றைய ஆழம் இல்லை.

ஆள் எண்ணிக்கையோடு சேர்க்காமல் விடப்படும் இன்னொரு ஜனத்தொகை, கோழி. நாமக்கல் மாவட்ட மக்கள் 2011-ல் 17.26 லட்சம். நாமக்கல் மண்டலத்தில் முட்டைக்கோழி ஐந்து கோடிக்குமேல். ஒரு கோழி நாளுக்குக் கால் லிட்டர் குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். ஐந்து கோடிக்கு ஒன்றேகால் கோடி லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில் அது 2.27 லட்சம் பேரின் தண்ணீர். தீவனம் கோழிக்கு 110 கிராம் வீதம் தினம் 5,500 டன், மக்காச்சோளத்தில் பெரும்பகுதி வெளி மாநிலத்திலிருந்து. முட்டையில் பாதிக்கு மேல் கேரளாவுக்கும் வெளிநாட்டுக்கும் மற்ற ஊர்களுக்கும் போய்விடுகிறது. உள்ளூரில் பிள்ளை குறைந்தால் கோழி குறையுமா? குறையாது, அதன் தட்டு வேறு ஊரில் இருக்கிறது.

பனியனும் அப்படித்தான். திருப்பூருக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வராவிட்டால் தையல் லைன் நிற்கும். இப்போது ஈரோடு மாவட்டத்து வயல்களில் நாற்று நடுவதும் வங்காளத்துக் குழுக்கள்தான். 'வடக்கத்தியர் வந்ததால்தான் தண்ணிப் பஞ்சம்' என்பவர்கள் ஒரு லைன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், எட்டு அறைக்கு இரண்டு கக்கூஸ், ஒரு தொட்டி. நகரத்துக்கான அளவு ஆளுக்கு 135 லிட்டர். அவர்களுக்குப் பாதி கிடைத்தால் அதிகம். எதிரே அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை கட்டிப் பூட்டி வைத்த வீட்டில் புல்தரைக்குத் தினமும் ஸ்பிரிங்ளர் ஓடும். தலைக்கணக்கில் லைன் வீடு நாற்பது, பங்களா பூஜ்யம்.

திருப்பூரின் உண்மையான தண்ணீர்க் கதை சாயத்தில் இருந்தது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்கென்று வந்து, சாயக்கழிவுத் தொட்டியாக முடிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவை முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வேரூன்றியது. தொழிலும் பெருகியது, ஆளும் பெருகினார்கள், ஒரு கிலோ துணிக்கு வெளியிலிருந்து எடுக்கும் தண்ணீர் இறங்கியது. ஆள் எண்ணிக்கைக்கும் வளச் செலவுக்கும் உள்ள கயிற்றை அறுக்க முடியும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே பெரிய உதாரணம் இதுதான். அதுவும் கோர்ட்டு கட்டாயப்படுத்தி.

ஆள் குறைந்தே போன இடம் ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. நீலகிரி 2001-ல் 7.62 லட்சம், 2011-ல் 7.35 லட்சம். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் குறைந்த ஒரே மாவட்டம். தேயிலை விலை விழுந்ததும் மலையிலிருந்து இறங்கிக் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்துவிட்டார்கள். தண்ணீர் மிஞ்சியதா? கோடையில் ஊட்டியிலும் குன்னூரிலும் குடம் வரிசையில் நிற்கிறது. குடியிருப்பவர் குறைந்த இடத்தை வந்துபோகிறவர் நிரப்பிவிட்டார். வண்டிகளைக் கட்டுப்படுத்த 2024 மே முதல் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கல்யாணச் சந்தைக்கு வருவோம், சுருக்கமாக. சேலம் மாவட்டத்தில் 2001-ல் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் பையன்களுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியதே பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான். அந்தக் குழந்தைகளுக்கு 2026-ல் இருபத்தைந்திலிருந்து முப்பத்தொன்று. பிறக்கவிடாத பெண்கள்தான் இன்று ஜாதகக் கட்டில் இல்லாத பெண்கள். பண்ணையம் பார்க்கும் மாப்பிள்ளைக்கு முதலில் கதவு சாத்தப்படுகிறது. நாற்பதைத் தொட்ட பையனும் எழுபதைத் தாண்டிய பெற்றோரும் ஐந்து ஏக்கர் தென்னையுமாக ஒரு வீடு, அதற்குப் பிறகு அந்த நிலம் யாருக்கு என்று கேட்டால் 'சைட் போட்டு வித்தர வேண்டீதுதான்' என்பதே பதில். சைட் போட்டால் அறுபது வீடு, அறுபது போர்.

தனித்தனிச் சாளையாக, அதாவது தோட்டத்து வீடாக, தோட்டத்துக்குள் குடியிருப்பது கொங்கின் பழக்கம். பத்துப் பேர் இருந்த காலத்தில் அது வசதி, இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கும்போது ஆபத்து. 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும் 2025-ல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு பலர் சாளையைப் பூட்டிவிட்டு ஊருக்குள்ளோ டவுனுக்கோ குடி வந்துவிட்டார்கள். இதையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டும்: தோட்டத்துக் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்த வீடு ஒன்று, ஊராட்சிக் குழாய்க்கு மாறுகிறது.

இனி, கையில் எடுத்துச் செய்யக்கூடியவை.

கிணற்றுப் பங்கைச் சேர்ப்பது முதல் வேலை. பங்காளிகளில் ஒருவர்தான் விவசாயம் செய்கிறார் என்றால், மற்றவர்கள் தங்கள் கிணற்றுப் பாத்தியத்தை விடுதலைப் பத்திரம் மூலம் அவருக்கு எழுதிக் கொடுக்கலாம், நிலத்தை வைத்துக்கொண்டே. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தாள் செலவு குறைவு. தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு, அவர்கள் கையெழுத்து இல்லாத பத்திரம் பிறகு கோர்ட்டுக்குப் போகும். இறந்தவர் பேரில் பங்கு இருந்தால் வாரிசுச் சான்று முதலில். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட பவர் பத்திரம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே முடித்தால் நாலு கையெழுத்து, தள்ளிப்போட்டால் பதினான்கு. கிணறு ஒருவர் கைக்கு வந்தால்தான் தூர் எடுக்க அவர் செலவழிப்பார், மழைத் தண்ணீரை வடிகட்டி உள்ளே விடுவார்.

அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்திருக்கிறது. பவானியின் உபரியில் ஒன்றரை டி.எம்.சி., 1,045 குளம் குட்டைகள். பாசன வாய்க்கால் கிடையாது, நிலத்தடியை நிரப்புவதுதான் வேலை. குளத்துக்கு வந்த தண்ணீர் சுற்றுவட்டாரத் திறந்த கிணறுகளில் ஏறும், எண்ணூறு அடிப் போருக்கு இறங்கச் சுணங்கும். ஆகவே குளத்தைச் சுற்றியுள்ளவர்கள் போரை ஆழப்படுத்துவதைவிட மூடிக்கிடக்கும் கிணற்றைத் தூர்வாருவது லாபம்.

தென்னை வைத்தே ஆக வேண்டும் என்றால், பஞ்ச வருடத்தில் காப்பாற்ற முடிகிற அளவுக்கு மட்டும். எளிய வழி: மே மாதக் கடைசியில் கிணறோ போரோ ஒரு நாளில் உண்மையாகத் தருகிற லிட்டரை அளந்து, 65-ஆல் வகுத்து, வருகிற எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு மரம். தொட்டியில் விட்டு நேரம் பார்த்து அளந்தால் போதும். போர் போட்டு முடித்த அன்று ரிக்காரர் சொல்லும் 'ரெண்டு இஞ்ச் தண்ணி' அந்த நாளுக்கு மட்டும்தான் உண்மை. மீதி நிலத்தைக் கொறங்காடாக விடலாம், மாடு மேய்க்க ஆள் இல்லாவிட்டாலும் வேலி நன்றாக இருந்தால் மாடு தானே மேயும்.

அடுத்தது 2027 கணக்கெடுப்பு. வீட்டுப்பட்டியல் 2026-லும் ஆள் எண்ணிக்கை 2027 பிப்ரவரியிலும் நடக்கிறது, மார்ச் 1 நள்ளிரவுதான் கணக்குத் தேதி. ஊராட்சிகளும் வார்டுகளும் தங்கள் பங்குக்கு மூன்றை எண்ணிக்கொள்ளலாம். வீட்டு மின் இணைப்புகளில் எத்தனை இரண்டு மாதமாக ஓடவே இல்லை, எத்தனை லைன் அறைகள், எத்தனை கோழிக் கொட்டகை. இந்த மூன்றையும் குடும்ப அட்டை எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்தால், எந்தத் தெருவில் தேவை ஏறுகிறது என்று கணக்கெடுப்பு அறிக்கை வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். லைன் வீட்டுச் சொந்தக்காரர்கள் வரிக்குப் பயந்து 'ரெண்டு பேருதானுங்க இருக்காங்க' என்று சொல்வது வழக்கம். ஐந்து பேர் இருந்தால் ஐந்து என்றே எழுத வைக்க வேண்டும். அந்த மூன்று பேர் விட்டுப்போனால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்தத் தெருவின் குழாய் அளவு இரண்டு பேருக்குத்தான் போடப்படும்.